டிங்குக்கும் டாங்குக்கும் நடுவே

ரிடையர் ஆன மறுநாள் காலையில் பல் விளக்கும்போதே ஒரு வீர சபதம் எடுத்தேன். இனிமேல் என் வீட்டுக் கதவை என் சாவியைப் போட்டு நானேதான் திறப்பேன்.

சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் செய்து வாங்கிய சாவி அது. உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க என் பேண்ட் பையில்தான் இருந்தது. பைகள் கிழிந்தன. பேண்டுகள் மாறின. இடுப்பளவு ஏகத்துக்கு மாறியது. சாவி மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. பூட்டுக்குள் போனால்தானே தேயும்? என் வீட்டுக்குள் நான் பெல் அடித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். என் மனைவி போட்ட சட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் புகார்ப் பிரிவுக்கு நான்தான் தலைவன். தலைவன் என்றால் தொண்டர்கள் யாரும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை. நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும் படிக்கட்டு. இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். ஒன்று ‘நியாயமானது’. இன்னொன்று ‘நியாயமற்றது’. முதலாவது ஸ்டாம்பும் என் சாவி மாதிரிதான், தேயவே இல்லை.

டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். “சார், இது எல்லாரையும் நின்னு பாத்துட்டு மெதுவாத் திரும்புது. என்கிட்ட வந்தா மட்டும் வெடுக்குனு மூஞ்சியைத் திருப்பிக்குது.” நியாயமற்றது. டப்! அலாரம் கடிகாரம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஓர் அம்மாள். நியாயமற்றது. டப்! “சார், நீங்க குடுத்த மிக்ஸியைப் போட்டா பொண்டாட்டி பேசறது காதுலயே விழல” என்று ஒருவர் வந்தார். ஸ்டாம்பைக் கையில் எடுத்துவிட்டேன். “புகார் இல்ல சார், இதே மாதிரி இன்னொண்ணு வேணும்” என்றார். அவரைப் போன்ற நல்ல மனிதர்களையும் பார்த்திருக்கிறேன்.

எது நியாயம், எது இல்லை என்று எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று கேட்கலாம். அதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருந்தது. எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கட்டடத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘நிதானம்’ என்றுதான் சொல்வார்கள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை மேல்மாடியில் குழாய் உடைந்து மொத்தத் தண்ணீரும் படியில் வந்துகொண்டிருந்த அவர் தலையில் கொட்டியது. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “மேல யாரோ குளிக்கிறாங்க போலிருக்கு” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்தேன், மனிதன் என்றால் இவர்தான். எந்தப் புகார் வந்தாலும் ஒரே கேள்வி கேட்டுக்கொள்வேன்: நிதானம் இதுக்கெல்லாம் வந்து நிப்பாரா? நிற்க மாட்டார் என்றால், டப்!

வீட்டிலும் அதே அளவுகோல்தான். கல்யாணமான புதிதில் அவள் கிளிப்பச்சையில் திரைச்சீலை கேட்டாள், ஒரு கேரம் போர்டு கேட்டாள், மொட்டை மாடியில் கட்டில் போட்டுப் படுக்க வேண்டும் என்றாள். நிதானம் வீட்டில் இதெல்லாம் உண்டா? இல்லை. நியாயமற்றது என்று தள்ளிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே வந்து, இஸ்திரிப் பலகை ஒன்று வேண்டும் என்றாள். இஸ்திரிப் பலகை நியாயமானது. உடனே சம்மதித்தேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது வாங்கி வந்து, கம்பளியைச் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள்.

“என்னடி இது, இஸ்திரிப் பலகை சதுரமா இருக்கு?”

“உங்க சட்டை என்ன, உருண்டையாவா இருக்கு?”

அதுவும் சரிதான். என்ன, தேய்த்த சட்டையில் சில நாள் முதுகுப் பக்கம் வட்டமாக ஒரு தடம் விழும். “இப்ப அதுதான் ஃபேஷன்” என்பாள். நானும் அந்த ஃபேஷனோடு எத்தனையோ வருஷம் ஆபீஸ் போனேன்.

பெல் கதைக்கு வருகிறேன். கல்யாணமான முதல் வாரம். அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று பூனை மாதிரி சாவி போட்டுத் திறந்துகொண்டு போய் அவள் பின்னால் நின்றேன். வீலென்று கத்தினாள். கையிலிருந்த சொம்பு என் நெற்றியில் வந்து விழுந்தது. அந்த வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டேதான் சட்டத்தைச் சொன்னாள்.

“இனிமே பெல் அடிச்சுட்டுத்தான் வரணும்.”

“என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு எதுக்குடி பெல்லு?”

“வீடு உங்களுதுதான். சாவியும் உங்களுதுதான். உள்ள இருக்கிறது நான்.”

“சொம்பு விழுந்ததுக்காகவா? நாளையிலேர்ந்து இருமிக்கிட்டே வர்றேன். வேற காரணம் இருந்தாச் சொல்லு.”

“எனக்கு அதான் பிடிக்குது.”

“பிடிக்குதுங்கிறது ஒரு காரணமா? நியாயமாப் பேசு.”

“ஓஹோ. அப்ப என்னை எந்தக் காரணத்துக்காகக் கட்டிக்கிட்டீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.”

புத்தியுள்ள எந்தப் புருஷனும் இந்த இடத்தில் வாயைத் திறக்க மாட்டான். மறுநாளே கடையிலிருந்து ஒரு பெல் வாங்கி வந்து மாட்டினேன். அது யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பெல். ‘டிங்’ என்று அடித்தபிறகு ‘டாங்’ வருவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது என்பது அவர் புகார். டாங் வருகிறதல்லவா, அப்புறம் என்ன அவசரம்? நியாயமற்றது என்று குத்திவிட்டு நானே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த டிங்குக்கும் டாங்குக்கும் நடுவே இருந்த நேரம் இருக்கிறதே, அதை இன்றைக்கு யாராவது எனக்குத் திருப்பித் தர மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது. ஒரு கையில் டிபன் பை. இன்னொரு கையில் சொட்டச் சொட்டக் குடை. நாள் முழுக்க ஊராரின் குறைகளைக் கேட்டு மரத்துப்போன காது. அந்தக் காதில் உள்ளே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்கும். எதையோ இழுக்கும் சத்தம். பின்வாசல் கதவு சாத்தும் சத்தம். பாவம், நான் வருகிறேன் என்று வீட்டை ஒழுங்கு பண்ணுகிறாள் என்று உருகிப்போவேன். எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது ஜன்னலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் தலை தெரிந்ததும், “அப்பா வந்தாச்சூ!” என்று கட்டடமே அதிரக் கத்துவாள். என்னைப் பார்த்து அல்ல, வீட்டுக்குள்ளே திரும்பி. என்ன பாசம் பாருங்கள்!

அப்புறம் டாங். கதவு திறக்கும். என் மனைவி நிற்பாள். முகமெல்லாம் சிவந்து, நெற்றி வேர்த்து, அப்போதுதான் எதற்கோ சிரித்து முடித்த மாதிரி ஒரு மினுமினுப்போடு நிற்பாள். விரலெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

“மாவு பிசைஞ்சுட்டிருந்தேன்” என்பாள்.

கன்னத்திலும் ஒரு கீற்று வெள்ளை ஒட்டியிருக்கும். அதை நான் கட்டைவிரலால் துடைத்துவிடுவேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் ஒரு நாளும் தவறாத சடங்கு அது. ராத்திரி சாப்பாட்டில் மாவால் செய்த பண்டம் எதுவும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு அதையெல்லாம் யார் கேட்பார்கள்? நேரே போய் என் சாய்வு நாற்காலியில் விழுவேன். அது எப்போதும் கதகதப்பாக இருக்கும். மேற்கு ஜன்னல் வெயில் என்று நினைத்திருந்தேன். மழை நாளிலும் கதகதப்பாகத்தான் இருந்தது.

இப்படி ஓடிய நாட்கள் ஒருநாள் முடிந்தன. கடையில் எனக்கு மாலை போட்டு, நான் அதிகமாகக் குத்திய ‘நியாயமற்றது’ ஸ்டாம்பையே ஒரு மரப்பெட்டியில் வைத்து ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்கள். மறுநாள்தான் நான் சொன்ன சபதம்.

சபதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வெளியே போனால்தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர முடியும்? நான் எங்கேயும் போகவில்லை. காலையில் நாற்காலி, மத்தியானம் நாற்காலி, சாயங்காலமும் நாற்காலி. என் மனைவி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுவரோரம் இருந்த இஸ்திரிப் பலகையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். தேய்க்க ஆபீஸ் சட்டை இல்லையே என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் குடையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“மூணு மணி ஆகப்போகுது. கிளம்புங்க.”

“எங்க?”

“எங்கயாவது.”

“எதுக்கு?”

“திரும்பி வர்றதுக்கு.”

“ஏண்டி, இங்கேயே இருக்கிறவன் இங்கேயே வர்றதுக்கா வெளிய போகணும்?”

“ஆமா. அஞ்சரைக்கு வந்தாப் போதும். வந்து பெல் அடிங்க.”

“இதைவிட நியாயமில்லாத பேச்சை நான் புகார்ப் பிரிவுலகூடக் கேட்டதில்ல.”

“கேட்டாச்சுல்ல? கிளம்புங்க.”

பார்க் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைத்தெருவில் பாத்திரங்களை வேடிக்கை பார்த்தேன். அஞ்சரைக்குத் திரும்பி வந்து சாவியை எடுத்துப் பூட்டுக்கு நேரே கொண்டுபோனேன். சபதம்! ஆனால் இன்னொரு கை தானாகவே போய் பெல்லை அழுத்திவிட்டது. பழக்கதோஷம். உள்ளே தடதட. டாங். விரலெல்லாம் மாவோடு கதவைத் திறந்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு வாரமாக வீட்டிலேயே இருந்தும் பார்க்காத அந்தப் பழைய முகம் கதவோரத்தில் நின்றது.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. என்னை வெளியே துரத்துகிறாளே, நான் வீட்டில் இருப்பது பாரமாகிவிட்டதா? ரிடையர் ஆனவனுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. நேரே அளவுகோலிடமே கேட்டுவிடுவது என்று மறுநாள் காலையில் நிதானத்தின் கடைக்குப் போனேன்.

அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“மூணு மணிக்கா போகச் சொல்றாங்க?”

“ஆமா சார்.”

“அஞ்சரைக்குத் திரும்பணும்.”

“ஆமா சார். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?”

லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நியாயம்தான்” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது.

“இன்னும் சொல்லப்போனா, அஞ்சரைங்கிறது கொஞ்சம் அவசரம். ஆறு மணி வரைக்கும் காத்து வாங்கினா உடம்புக்கு நல்லது” என்றார். அவர் விரல் நகங்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “லென்ஸ் பாலிஷ் பவுடர்” என்றார். நான் கேட்கவே இல்லை.

அளவுகோலே சொல்லிவிட்டது. இருந்தாலும் அன்று சாப்பிடும்போது அவளிடமே மனசு விட்டுக் கேட்டேன்.

“நான் வீட்ல இருக்கிறது உனக்குத் தொந்தரவா இருக்கா? உள்ளதைச் சொல்லிடு.”

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள்.

“இத்தனை வருஷமா சாயங்காலமானா நீங்க வந்தீங்க, நான் கதவு திறந்தேன். இப்ப நீங்க எந்நேரமும் வீட்லயே இருக்கீங்க. வீட்லயே இருந்தா நீங்க வர்றதே இல்லையே? எனக்கு நீங்க வரணுங்க.”

சபதமாவது மண்ணாவது! இப்படி ஒருத்தியையா நியாயமற்றவள் என்றேன்? அன்றிலிருந்து மூன்று மணிக்கு நானே குடையை எடுத்தேன். நிதானம் சொன்னபடி ஆறு மணிக்குத்தான் திரும்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். அன்பு முற்றினால் மனிதன் சும்மா இருக்க மாட்டான். ஒருநாள் பார்க்கில் உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. பாவம், தினமும் மாவு பிசைகிறாள். கை வலிக்காதா? இன்றைக்கு ஒருநாள் சீக்கிரமே போய், சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து, ‘நகரு, நான் பிசையறேன்’ என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினால் எப்படி மகிழ்ந்துபோவாள்! கடைத்தெருவில் இருப்பதிலேயே உசத்தி மாவாகப் பார்த்து ஒரு பை வாங்கினேன். பையின் அடியில் சின்னதாக ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

நாலரை மணி. சொம்பு பட்ட நெற்றியை ஒருமுறை தடவிக்கொண்டேன். சாவியைப் போட்டேன். பூட்டு வெண்ணெய் மாதிரி திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி வைத்தேன்.

டக்! டடக்! டக்!

மாவு பிசைகிற சத்தமில்லையே இது?

திரைச்சீலையை லேசாக விலக்கினேன். கூடத்தின் நடுவே ஒரு ஸ்டூல். அதன்மேல் என் இஸ்திரிப் பலகை, கம்பளி இல்லாமல் மல்லாந்து கிடந்தது. அதன் மறுபக்கம் வழவழவென்று, நாலு மூலையிலும் நாலு ஓட்டையோடு இருந்தது. பலகை முழுக்க வெள்ளைப் பவுடர். ஸ்டூலின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது என் ‘நியாயமற்றது’ ஸ்டாம்ப் பெட்டி. சுற்றி நாலு பேர். எதிர்வீட்டம்மா, கீழ்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் டெய்லரம்மா, என் மனைவி. நாலாவது ஆள், என் சாய்வு நாற்காலியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

“அநியாயம்! அநியாயம்! செவப்புக் காயைப் போட்டாச்சு, கூடவே ஃபாலோ காய் போடல! எடுத்து நடுவுல வைங்க! வைக்கலேன்னா நான் ஆட மாட்டேன்! எந்திரிச்சுப் போயிடுவேன்!”

நிதானம்.

“தோத்தா உடனே அநியாயம்பீங்களே அண்ணே! இத்தனை வருஷத்துல ஒருநாளாவது நியாயமா ஆடியிருக்கீங்களா?” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நாற்காலியின் சூடு, சட்டையின் வட்டம், ஜன்னலில் காவல் இருந்த என் அருமை மகள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கதவு திறக்கும்போது அவள் முகத்தில் மினுமினுத்தது இதன் மிச்சம்தான். வேலை முடிந்து செத்துச் சுண்ணாம்பாகி வந்த எனக்கு ஒவ்வொரு நாளும் அந்த மிச்சம்தான் உயிர் கொடுத்தது. எனக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நான் ஓரடி முன்னால் வைத்தால் போதும். வீட்டு யஜமானன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் ஆட்டம் இன்றோடு நின்றுவிடும். நாளைக்கு அந்த முகத்தோடு எனக்குக் கதவைத் திறப்பது யார்?

மாவுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே பின்னால் நடந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். பெல் அடித்தேன்.

டிங்.

தடதட. சரசர. “அக்கா, பவுடர் பவுடர்!” பின்வாசல் கதவு. எத்தனை வருஷத்துப் பயிற்சி! கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

டாங்.

“என்னங்க, இன்னிக்குச் சீக்கிரம்?” முகம் சிவந்து நின்றாள். “மாவு பிசைஞ்சுட்டிருந்தேன்.”

“தெரியுமே. அதான் நல்ல மாவா வாங்கிட்டு வந்தேன்” என்று பையை நீட்டினேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு கீற்று வெள்ளை. கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல சூடு. அடியில் என்னமோ குத்தியது. நிதானத்தின் மூக்குக்கண்ணாடி. எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போல் இருந்துகொண்டேன். ஒரு பெண்பிள்ளையின் சந்தோஷத்தை அவளுக்கே தெரியாமல் காப்பாற்றிக் கொடுத்த பெருமையில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மூன்று மணி. குடையைக் கொடுக்க வாசல் வரை வந்தாள்.

“நேத்து வாசப்படியிலேர்ந்து திரைச்சீலை வரைக்கும் ஒரே மாவு. போன கோடு ஒண்ணு, வந்த கோடு ஒண்ணு. காலையிலதான் பெருக்கித் தள்ளினேன்.”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“இன்னிக்கு வரும்போது மாவு வேணாம். கேரம் பவுடர் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க.”

தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

“அதான் தெரிஞ்சுபோச்சே. அப்ப... நானும் ஒரு பக்கமா உக்காந்து...”

என் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“போர்டுக்கு நாலு பக்கந்தாங்க. கொஞ்சம் நியாயமாப் பேசுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.